நாளை எடுத்துவிட வேண்டும்

ஆயுத பூஜைக்கு முதல் நாள், பதினான்காம் மாடி சர்வர் அறையில் நாற்பத்தெட்டு இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்து முடித்தபோது, குணசீலன் கடைசியாக ஒரு வரி புரோகிராம் எழுதி இரண்டு வருடம் ஆக இன்னும் பதினேழு நாள் இருந்தது.

வைத்தது ஸ்டிக்கர் பொட்டு. சந்தனம் வழிந்து உள்ளே போனால் வாரண்டி செல்லாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பியவனும் குணசீலன்தான். எலுமிச்சம்பழம் நசுக்க மேனேஜர் நாற்காலியின் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்ததும், பொரிகடலைப் பொட்டலங்களை மாடிவாரியாகப் பிரித்ததும், மாவிலைத் தோரணத்தால் தீ எச்சரிக்கை விளக்கு மறைகிறது என்று தோரணத்தைக் கழற்றியதும்கூட அவன்தான். அந்த மாடிக்குத் தீயணைப்புப் பொறுப்பாளரும் அவனே. அதற்காக ஓர் ஆரஞ்சு நிறக் கோட்டு கொடுத்திருந்தார்கள். அது அவன் அளவு இல்லை.

அவன் கழுத்தில் தொங்கிய டேக்கில் இப்படிப் போட்டிருந்தது: குணசீலன், 4471, டெவலப்பர்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து, சிறுசேரியில் இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் வருடம் அவன் நிஜமாகவே புரோகிராம் எழுதினான். பிறகு தச்சன் வந்தது. தச்சன் என்பது புரோகிராம் எழுதும் புரோகிராம். நாலு பேர் நாலு வாரம் எழுதுவதை நாலு நிமிடத்தில் எழுதிவிட்டு, திருப்தியா என்று பணிவாகக் கேட்கும். அதன்பின் மனிதர்கள் எழுதுவதற்கு மிச்சமிருந்தது கொஞ்சம்தான். ஆனால் கோடிங் இல்லாத மற்ற வேலைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. தச்சனால் பிறந்தநாள் கேக் வெட்ட முடியாது. ரத்ததான முகாமில் மயங்கி விழுந்தவனுக்கு ஜூஸ் கொடுக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்த வாடிக்கையாளரை மகாபலிபுரம் கூட்டிப்போய் வெயிலில் நிற்க வைக்க முடியாது. இதற்கெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. எந்த ஆள் என்பதை 'நாடி' முடிவு செய்தது.

நாடி என்பது இவர்கள் கம்பெனியே செய்து விற்ற பொருள். எல்லோர் டேக்குக்குள்ளும் மிளகளவு ஒரு கருவி இருக்கும். இரண்டு கை தூரத்துக்குள் நிற்பவரின் இதயத்துடிப்பைத் தொடாமலே பிடித்துவிடும். வெளியே விற்பதற்கு முன் சொந்த ஊழியர்களின் கழுத்தில் மாட்டிப் பார்த்தார்கள்.

"நாடி என்ன சொல்லுதுன்னா," என்று முதல் தடவை குணசீலனைக் கூப்பிட்டு விளக்கியவர் மேனேஜர் தணிகாசலம். "உன் எதிர்ல வந்து உக்காந்தா மனுஷங்க அமைதியாயிடறாங்களாம். உன் மார்க் தொண்ணூத்தேழு. இந்த மாடியிலயே நீதான் ஃபர்ஸ்ட்டு. ரெண்டாவது ஆளே எண்பத்தெட்டுதான்."

"யாரு சார் அது?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது. நாடி ஃபர்ஸ்ட்டு வர்ற ஆளுக்குத்தான் வேலை குடுக்கும். சரி, ஒரு சின்ன வேலை குணா."

"அப்ப கோடிங், சார்?"

"கோடிங்குக்குத் தச்சன் இருக்குப்பா. அமைதிக்கு ஆள் எங்க கிடைக்குது?"

குணசீலனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது உண்மை. அதுவரை அவனிடம் ஒரு திறமை இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னான். "யாருக்கு? நம்ம குணாவுக்கா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டது போனில் தெளிவாகக் கேட்டது. அவன் தங்கியிருந்த நாவலூர்த் தெருவில் யார் போனாலும் கண்டுகொள்ளாமல் தூங்கும் ஒரு நாய், இவன் வந்தால் மட்டும் எழுந்து நின்று குரைக்கும். அதை அவன் அன்றைக்கு யோசிக்கவில்லை.

இரண்டு வருடக் கணக்குக்கு வருவோம். கம்பெனியில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து இரண்டு வருடம் ஒரு வரியும் எழுதாத, திருத்தாத டெவலப்பர், டெவலப்பர் இல்லை. டேக்கில் பட்டம் தானாக 'பல்பணி உதவியாளர்' என்று மாறிவிடும். மாறினால் மாறினதுதான், திரும்பி வர வழியில்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தப் பட்டம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். நாலு வருடப் படிப்பும் ஆயுள் முழுக்கக் கேக் வெட்டத்தான் என்றாகிவிடும். பதினேழு நாளுக்குள் குணசீலனுக்குத் தேவை ஒரே ஒரு வரி.

"ஒரு தடவை சொதப்புடா, போதும்," என்றாள் நஸ்ரின். பக்கத்து மேசைக்காரி, வாணியம்பாடி. தச்சனே தடுமாறும் இடங்களில் கையால் எழுதும் மிகச் சிலரில் ஒருத்தி. கேக் வெட்டக் கூப்பிட்டால், "எனக்கு இனிப்புப் பிடிக்காது, கத்தியும் பிடிக்கத் தெரியாது" என்று தலைநிமிராமல் சொல்லிவிடுவாள். "நல்லா செஞ்சா திரும்பக் கூப்பிடுவாங்க. சொதப்புனா விட்டுடுவாங்க. இவ்ளோதான் ஆபீஸ்."

"சொதப்பிப் பாத்துட்டேன் நஸ்ரின்."

பார்த்திருந்தான். கோலப் போட்டிக்கு நடுவராகப் போட்டபோது, தரை துடைத்த தண்ணீர் காய்ந்து உண்டான கறைக்கு முதல் பரிசு கொடுத்தான். போட்டியாளர்கள் ஒருவாரம் அவனோடு பேசவில்லை. நாடி 97 போட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளரை மகாபலிபுரம் என்று சொல்லிக் கேளம்பாக்கம் உப்பளத்தில் இறக்கிவிட்டான். அவர் நடுவெயிலில், முகம் சிவந்து, இவன் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். அதற்கும் 97.

"மெசேஜே வந்துச்சு," என்றான். "'வாடிக்கையாளர் மிகுந்த அமைதியுடன் திரும்பினார்'னு."

"அப்ப நீ மகான்டா," என்றாள் நஸ்ரின், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கேக்கும் கோலமும் மட்டும் என்றால் பரவாயில்லை. போன வருடம் அவனுக்கு நெய்தல் கிடைத்தது.

அந்த மாடியில் கூட்டம் நடத்தும் அறைகள் ஐந்து. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும் சந்திப்புகளுக்கு முதலில் பாலையைத்தான் ஒதுக்கினார்கள். பிரிவுக்கு உரிய நிலம் என்று யாரோ தமிழ் தெரிந்தவர் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பாலையில் ஏசி வேலை செய்யவில்லை. அதனால் நெய்தலுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து எட்டிப்பார்த்தால் கடல் தெரியும்.

யாரை அனுப்புவது என்பதை இயந்திரம் முடிவு செய்தது. அதை எதிரே உட்கார்ந்து ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கேட்பவர் ரொம்பவும் ஆடிப்போனால், அதாவது அவருடைய அமைதி நாற்பதுக்குக் கீழே இறங்கினால், அவருக்கு மூன்று மாதம் 'அதிர்ச்சி அவகாசம்' கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. பெயருக்கு வேலை, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, வேறு இடம் தேட நேரம். நாற்பதுக்கு மேல் இருந்தால் அன்று மாலையே கிளம்பிவிட வேண்டியதுதான்.

எதிரே இருப்பவரை அமைதியாக்குவதில் முதலிடம் குணசீலன். எனவே சொல்கிறவன் அவன். ஒரு வருடத்தில் அறுபத்தொரு பேர்.

அதிலும் அவன் ஒரு முறை வைத்திருந்தான். முதலில் தண்ணீர். பிறகு, "இது உங்க தப்பு இல்ல." பிறகு ஒரு புன்னகை, பல் தெரியாமல். டிஷ்யூ பெட்டியைக் கை எட்டுகிற தூரத்தில் வைக்க வேண்டும். பக்கத்திலேயே வைத்தால் அழச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் எட்டுப் பக்கக் கையேடாக எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினான்.

அறுபத்தொன்றாவது ஆள் கிருபாகரன். டெஸ்டிங் பிரிவு, நாற்பத்தொன்பது வயது. பூஜைக்கு முந்தின மாதம் பத்தாம் தேதி. கதவைத் திறந்து குணசீலனைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மாடியில் அவனோடு நெய்தலுக்குள் போவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

"தண்ணி குடிங்க சார்."

குடித்தார். "நீங்க சாப்டீங்களா தம்பி?"

"ஆச்சு சார். சார், இது உங்க தப்பு இல்ல."

"தெரியும் தம்பி. என் சம்சாரத்துக்குத்தான் பதினாலாம் தேதி முட்டி மாத்துறாங்க. அதுக்குள்ள இது வந்துடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும் சார்," என்று குணசீலனும் புன்னகைத்தான். பல் தெரியாமல்.

அவர் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போனார். திரையில் முடிவு வந்தது: 97. அமைதி. அவகாசம் தேவையில்லை.

அந்த எண்தான் குணசீலனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்படியும் யாரோ சொல்லத்தான் போகிறார்கள். நான் சொன்னால் நோகாமல் போகிறார்கள். இந்த நினைப்பு மட்டும் இல்லையென்றால் மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கியிருக்காது.

பூஜை முடிந்து பொரிகடலை நமுத்துப்போன பிறகு தணிகாசலம் கூப்பிட்டார்.

"குணா, ஒரு சின்ன வேலை. அந்த கிருபாகரன் லேப்டாப்பைக் குடுத்துட்டாரு, சார்ஜரைக் குடுக்கல. நீ பேசுனா அமைதியாக் குடுத்துடுவாரு."

மறுநாள் மதியம் கிருபாகரன் ரிசப்ஷனுக்குச் சார்ஜரோடு வந்தார். வயரை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா அனுப்பக் கூடாதே என்று குணசீலன் கேட்டான்.

"மேடத்துக்கு ஆபரேஷன் நல்லபடியா ஆச்சா சார்?"

"எங்க? பத்தாம் தேதியோட இன்சூரன்ஸ் போயிடுச்சுல்ல. பதினாலாம் தேதி போயி, கவுன்டர்ல பேசிப் பாத்துட்டுத் திரும்பி வந்தோம். எங்களுது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இப்ப அவ கீழயே இறங்கறதில்ல. பால்கனிலேர்ந்து கூடையைக் கயித்துல விட்டுக் காய் வாங்குறா." கொஞ்சம் தயங்கினார். "அது போகட்டும் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்னைப் போயி எப்படி அமைதின்னு போட்டுது அது?"

"சார்?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுது எனக்கு. லிஃப்ட்ல எந்தப் பட்டனை அமுக்குறதுன்னு தெரியாம மேலயும் கீழயும் மூணு தடவை போயிருக்கேன்."

"ஆனா சிரிச்சீங்களே சார்."

"நீங்க சிரிச்சீங்க. பாவம், சின்ன வயசுப் பிள்ளை, சங்கடப்படுதேன்னு நானும் சிரிச்சேன்."

சமாதானம் சொல்வதாக நினைத்து, "எல்லாருக்குமே தொண்ணூத்தேழுதான் சார் வரும்," என்றான் குணசீலன்.

"எல்லாருக்கும்னா?"

"அறுபத்தோரு பேருக்கும்."

"அழுதவங்களுக்கும்?"

"எல்லாருக்கும்."

கிருபாகரன் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். இருபது வருடம் அடுத்தவர் புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய கண்கள் அவை. "ஒரு நம்பர் எப்பவும் மாறவே மாட்டேங்குதுன்னா அது அளந்தது இல்ல தம்பி," என்றார். "யாரோ எழுதி வச்சது."

சார்ஜருக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குணசீலன் மேசைக்கு வந்து தச்சனைத் திறந்தான். டெவலப்பர் என்ற பட்டம் இருக்கும்வரை எதையும் பார்க்கலாம், தான் எழுதிய வரியை மட்டும் திருத்தலாம்; அவன் எழுதியதையெல்லாம் தச்சன் எப்போதோ மாற்றி எழுதிவிட்டது என்றுதான் நினைத்திருந்தான். இன்னும் மூன்று நாள்.

"என் மதிப்பு 97 எங்கேர்ந்து வருது?" என்று தட்டினான்.

"நாடியின் மூலப் புரோகிராமில் 212ஆம் வரி. காட்டட்டுமா?"

காட்டியது. டேக் எண் 4471 என்றால், அளந்தது எதுவானாலும் 97 என்று வைத்துக்கொள். இவ்வளவுதான் வரி. அதற்கு மேலே யாரோ தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'டெமோவுக்கு மட்டும். நாளை எடுத்துவிட வேண்டும்.'

"யார் எழுதுனது?"

"நீங்கள்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், நாடியை முதன்முதலாகப் பெரியவர்களுக்குக் காட்ட இருந்த நாள். கருவி எதையும் அளக்காமல் சுழியம் சுழியமாகக் காட்டிக்கொண்டிருந்தது. "ஏதாச்சும் ஒரு நம்பரைக் காட்டுப்பா, முடிஞ்சதும் எடுத்துக்கலாம்," என்று தணிகாசலம் தலைக்கு மேல் நின்றார். வேறு யார் எண்ணும் கைக்கு வராததால் புதுப்பையன் தன் டேக் எண்ணையே போட்டான். நூறு போட்டால் சந்தேகம் வரும் என்று 97. டெமோ அமோகமாக முடிந்தது. எல்லோருக்கும் பிரியாணி வந்தது. மறுநாள் வேறு வேலை வந்தது. உலகத்தில் ஓடும் மென்பொருள்களில் பாதி இப்படிப்பட்ட ஒரு 'நாளை'யின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

"நீ எல்லாத்தையும் திருத்தி எழுதுனியே, இதை ஏன் விட்ட?"

"மூன்று ஆண்டுகளாக எவரும் மாற்றவில்லை. எனவே முக்கியமான விதி என்று புரிந்துகொண்டேன். இந்த வரி தவறுதலாக அழியாமலிருக்கப் பதினோரு சோதனைகளும் எழுதியிருக்கிறேன்."

"நாளைக்கு எடுக்கணும்னு எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படித்தேன். நாளை எடுக்கலாம்."

குணசீலன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். முதலில் தண்ணீர். "கிருபாகரனோட நிஜ அளவு இருக்கா?"

"இருக்கிறது. 19."

"அறுபத்தோரு பேர்ல நாப்பதுக்குக் கீழ எத்தனை பேர்?"

"அறுபத்தொரு பேர்."

"என்னோட நிஜ மதிப்பு?"

"12. இந்த மாடியில் கடைசி இடம்."

நாவலூர் நாய்க்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்கவில்லை. குணசீலன் கடைசியாக ஒன்று கேட்டான். கேட்டிருக்க வேண்டாம். "என்னை எடுத்துட்டா ஃபர்ஸ்ட்டு யாரு?"

"நஸ்ரின். 88."

அவன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மாடியில் எழுதிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலை தணிகாசலத்திடம் போய்ச் சொன்னபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன். டெமோ அன்னிக்கு ஆயிரம் சொல்வேன். அதையெல்லாமா வச்சுக்குவாங்க?"

"அறுபத்தோரு பேருக்கும் மூணு மாசம் கிடைச்சிருக்கணும் சார்."

"கிடைச்சிருக்கணும். கிடைக்கல. முடிஞ்சுபோச்சு. இப்ப நீ அதை எடுத்தா என்ன ஆகும்? நீ பன்னெண்டு. கோடிங்கும் ரெண்டு வருஷமா இல்ல. அடுத்த லிஸ்ட்ல நாடி யாரு பேரைப் போடும்? யோசிச்சியா?"

யோசித்திருந்தான்.

தணிகாசலம் குரலை இறக்கினார். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்கும் ஒரு மதிப்பெண் இருந்தது, அதற்குப் பயந்துதான் வாழ்ந்தார். "இங்க பாரு குணா. முகப்புப் பக்கத்துல 'நல்வரவு'ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. அதை உன் பேர்ல திருத்தச் சொல்றேன். ஒரு வரி கணக்காயிடும். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீ டெவலப்பர். இதைத்தான நீ கேட்டுக்கிட்டிருந்த?"

இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த வரி?"

"அது ஓடுற வண்டிப்பா. கையை விடாத."

மத்தியானம் கேன்டீனில் நஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னான். அதாவது, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும். அவள் சாம்பார் சாதத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பாவமே என்று சொல்லவில்லை. அய்யோ என்று சொல்லவில்லை. கதை முடிந்ததும், "உன் மூஞ்சிக்குத் தொண்ணூத்தேழுன்னப்பவே எனக்கு டவுட்டு," என்றாள்.

குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. எண்பத்தெட்டு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"எடுத்துடு," என்றாள். "இதுல யோசிக்க என்னடா இருக்கு? எடுத்தா நீ போயிடுவ, அதானே? எடுக்கலைன்னா இன்னும் எத்தனை பேரு மாடியிலேர்ந்து கூடை விடுவாங்க?"

"சரிதான்."

"ஆமா, அந்த ரெண்டாவது ஆளு யாரு? உனக்கப்புறம் நெய்தலுக்குப் போற துரதிர்ஷ்டசாலி?"

அவள் கையில் ஸ்பூன் இருந்தது. வலது ஆள்காட்டி விரலில் தட்டித் தட்டிக் காய்த்த ஒரு சின்னத் தழும்பு. சொன்னால் என்ன சொல்வாள்? எடு என்றேதான் சொல்வாள் என்று தோன்றியது. ஒருவேளை சொல்லமாட்டாள் என்றும் தோன்றியது. அந்த ஒருவேளைக்குத்தான் அவன் பயந்தான்.

"தெரியல," என்றான்.

மறுநாள், இரண்டு வருடம் முடிய ஒரு நாள் மிச்சமிருக்கும்போது, காலை பதினொன்று நாற்பதுக்கு அவன் 212ஆம் வரியைத் திறந்தான். விரல்கள் சரியான சாவிகளைத் தாமாகவே தேடிப்போயின. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வரியை அழித்தான். மேலே இருந்த குறிப்பை அழித்தான். தச்சன் எழுதிய பதினோரு சோதனைகளையும் அழித்தான். இரண்டு வருடம் காத்திருந்து அவனுக்குக் கிடைத்த கோடிங் வேலை, தான் எழுதியதை அழிப்பது.

தச்சன் சரிபார்க்க நாலு வினாடி எடுத்துக்கொண்டது.

"ஏற்கப்பட்டது. வாழ்த்துகள், குணசீலன். நீங்கள் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு டெவலப்பர்."

"பழைய அறுபத்தோரு சந்திப்புக்கும் மதிப்பை மாத்து."

"மாற்றம் இந்த நிமிடத்திலிருந்து செல்லும். பழையவற்றுக்கு மனிதர் ஒருவர் மனிதவளப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கோடிங் அல்லாத பணி."

அதில்தான் அவனுக்கு இரண்டு வருட அனுபவம் இருந்ததே. அறுபத்தொரு பெயர், நிஜ அளவு, தேதி, எல்லாம் போட்டு, கிருபாகரன் பெயரை முதலில் வைத்து, தவறு தன்னுடையது என்று எழுதி அனுப்பினான். பெற்றுக்கொண்டோம் என்று உடனே பதில் வந்தது. அந்தப் பதிலின் வாசகமும் அவன் எப்போதோ தட்டச்சு செய்து கொடுத்ததுதான்.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. மூன்றரைக்கு, நெய்தல்.

இவ்வளவு நாளும் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தவன், இன்று கடலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான். இங்கிருந்து கடல் நன்றாகவே தெரிந்தது. எதிரே நஸ்ரின். அவள் முன்னால் எட்டுப் பக்கக் கையேடு.

"தண்ணி குடி."

"வேணாம் நஸ்ரின்."

"குடிடா. நீதான எழுதி வச்சிருக்க, முதல்ல தண்ணின்னு."

குடித்தான்.

"அடுத்தது, இது உங்க தப்பு இல்லன்னு சொல்லணும்." அவள் கையேட்டை மூடினாள். "அதை நான் சொல்லப்போறதில்ல. பன்னெண்டு மணிக்கு எனக்கு மெயில் வந்துச்சு. கோடிங் அனுமதியை எடுத்துட்டாங்க. என் நேரம் கோடிங்கைவிட மதிப்பானதாம். வாரத்துக்கு ரெண்டு பேரு. அடுத்த மாசம் கேக்கும் உண்டு."

அவன் டிஷ்யூ பெட்டியைப் பார்த்தான். அது மிகவும் பக்கத்தில் இருந்தது.

"நேத்து நான் கேட்டேன். ரெண்டாவது யாருன்னு. தெரியலைன்ன."

"ஆமா."

"தெரியுமா?"

"தெரியும்."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. "கேட்டிருந்தா நானே எடுத்திருப்பேன்டா," என்றாள். "என் கையால எடுத்திருப்பேன். அதைக்கூட நீ எனக்குத் தரல."

வெளியே கடலில் ஒரு படகு நகராமல் நின்றது. குணசீலனுக்கு நெஞ்சு, கிருபாகரன் சொன்ன மாதிரியேதான், படபடவென்று அடித்துக்கொண்டது. இந்தக் கட்டடத்தில் யாரையும் அமைதியாக்கிவிடும் பெண் எதிரே இருந்தும் அடித்துக்கொண்டது.

மேசைத் திரையில் முடிவு வந்தது. நஸ்ரின் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

31. நாற்பதுக்குக் கீழ். அதிர்ச்சி அவகாசம்: மூன்று மாதம். இந்தப் பிரிவில் முதல் முறையாக வழங்கப்படுகிறது.

"கில்லாடிடா நீ," என்றாள் நஸ்ரின்.

"நஸ்ரின், நான் அதுக்காக..."

"பதினொண்ணு நாப்பதுக்கு வரியை எடுத்திருக்க. மூணரைக்கு முத அவகாசம் உனக்கு. எனக்குத் தோணியிருக்காது இப்படியெல்லாம்."

"சத்தியமா அதுக்காக இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே. பதிவுல இருக்கறதைச் சொன்னேன்."

"அந்த அறுபத்தோரு பேருக்கு?"

அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இப்போது அவளுக்கு மனிதவளப் பக்கங்கள் எல்லாம் திறந்தன. "உன் விண்ணப்பத்துக்குப் பதில் போட்டிருக்காங்க. முன்தேதியிட்டு வழங்க இயலாது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி." கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "கிளம்பும்போது சார்ஜரை மறக்காம ரிசப்ஷன்ல குடுத்துடு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் உதடு நடுங்கியது. முதல் நாள். பழகவில்லை.

பாவம், சங்கடப்படுகிறாளே என்று குணசீலன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

திரையில் முப்பத்தொன்று, இருபத்தாறு ஆனது. நாடி இப்போது சரியாக வேலை செய்தது.